இட்டாலிக் பந்தும் 600 அலகுக் கட்டமும்

போன மார்ச்சில் மாலை வகுப்புக்காக ஒரு கையேடு தயார் செய்தேன். லினக்ஸ் கட்டளைகள், 32 பக்கம், விளக்கமெல்லாம் தமிழில். கட்டளைகளை மட்டும் தட்டச்சு எழுத்து மாதிரியான ஒரே அகல எழுத்துருவில் வைத்திருந்தேன். முதல் வகுப்பிலேயே ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், நீங்க குடுத்த மாதிரியேதான் அடிச்சேன். அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு வருது." போய்ப் பார்த்தேன். கட்டளைக்குப் பக்கத்தில் 'ஃபைல்நேம்' என்று நான் அச்சிட்டிருந்ததை எழுத்துக்கு எழுத்து அடித்திருந்தாள். அந்த இடத்தில் தன்னுடைய கோப்பின் பெயரைப் போட வேண்டும் என்பதற்குத் தாளில் எந்த அடையாளமும் இல்லை. பிழை முழுக்கக் கையேட்டுடையது.

இதற்கு, லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸின் கையேடுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அப்படியே அடிக்க வேண்டியதைத் தடித்த எழுத்தில் போடுவார்கள். படிப்பவர் தாமே நிரப்ப வேண்டியதைச் சாய்ந்த எழுத்தில் போடுவார்கள். சாய்ந்த எழுத்து இல்லாத, கட்டளைகளை அடிக்கும் முனையத் திரைகளில் அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு வரும். அந்தக் கோடு தட்டச்சுக் காலத்தின் மிச்சம். சாதாரணத் தட்டச்சுப் பொறியில் ஒரே ஒரு எழுத்து வகைதான் இருக்கும். அதனால் அழுத்தம் தர வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக் கையெழுத்துப் படியை அனுப்புவார்கள். அச்சுக் கோப்பவர் அதைப் பார்த்து இட்டாலிக் என்ற சாய்வெழுத்தில் கோப்பார். பழைய வடிவமைப்பு நிரல்கள் ஒரு கீழ்க்கோட்டை அடித்து, ஒரு இடம் பின்னால் வந்து, அதன் மேலேயே எழுத்தை அடிக்கும் விதமாக வெளியீட்டைத் தந்ததும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

சரி, நிரப்ப வேண்டிய சொற்களையெல்லாம் தேர்வு செய்து, எழுதும் மென்பொருளில் சாய்வுப் பொத்தானை அழுத்தினேன். பிரதி எடுத்துப் பார்த்ததும் மனசு ஒப்பவில்லை. சொற்கள் சாய்ந்திருந்தன, ஆனால் பக்கத்திலிருந்த நிமிர்ந்த எழுத்தின் மேல் யாரோ காற்று ஊதிய மாதிரி இருந்தது. வித்தியாசம் பளிச்சென்று தெரியவில்லை. 10 புள்ளி எழுத்தளவில், குழல் விளக்கு வெளிச்சத்தில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது கண்ணில் படாது.

சாய்த்தது வேறு, இட்டாலிக் வேறு. கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் தன்னுடைய கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருத் தொகுதியில் இந்த இரண்டையும் தனித்தனியாகவே செய்து வைத்திருக்கிறார். ஒன்று தட்டச்சு எழுத்தைச் சும்மா சாய்த்தது. அதன் சரிவு ஆறுக்கு ஒன்று, கிட்டத்தட்ட ஒன்பதரை பாகை. இன்னொன்று தட்டச்சு இட்டாலிக். சரிவு நாலுக்கு ஒன்று, 14 பாகை. இட்டாலிக்கில் எழுத்தின் உருவமே மாறும். ஆங்கிலத்தின் சின்ன 'ஏ'வின் தலைக்கு மேல் இருக்கும் கூரை போய்விடும். நாம் கையால் எழுதுவது போல ஒரு வட்டமும் ஒரு காலுமாக நிற்கும். 'ஐ', 'எல்' இரண்டும் அடியில் இருக்கும் பலகையை விட்டுவிட்டு வலப்பக்கம் ஒரு வாலை வளைத்துக்கொள்ளும். கண் இந்த உருவ மாற்றத்தைத்தான் முதலில் பிடிக்கிறது. சாய்வை அப்புறம்தான் கவனிக்கிறது.

கூரியர் என்ற தட்டச்சு எழுத்துருக் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஹோவர்ட் கெட்லர் 1950-களில் ஐபிஎம் தட்டச்சுப் பொறிகளுக்காக வரைந்தது. அது கணினிக்கு வந்தபோது, அச்சுப்பொறிகளோடு வந்த கூரியரின் சாய்வு வடிவம் நிமிர்ந்ததை 12 பாகை சாய்த்தது மட்டும்தான். பெயரிலேயே இட்டாலிக் என்று சொல்லாமல் ஆப்ளிக், அதாவது சாய்ந்தது, என்றுதான் வைத்தார்கள். 2013-இல் வந்த கூரியர் ப்ரைமில் ஆலன் டேக்-க்ரீன் உண்மையான இட்டாலிக்கை வரைந்து சேர்த்தார். அது இலவசம், நல்ல வேலை. என் கையேட்டின் நிமிர்ந்த எழுத்துக்கு நான் பயன்படுத்துவதும் கூரியர் ப்ரைம்தான். அதன் இட்டாலிக்கைப் போட்டிருந்தால் என் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்திருக்கும். சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

சித்தப்பா 1970-களில் சிங்கப்பூரில் ஒரு கப்பல் அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தவர். கையேட்டு விவகாரத்தை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்து போய், பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே கோல்ஃப் பந்து அளவில், நிக்கல் பூசிய ஒரு பந்து. மேற்பரப்பு முழுக்கப் புடைத்த எழுத்துகள், கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி. உச்சியில் ஒரு சின்ன நெம்பு, அதன் அருகே 'லைட் இட்டாலிக்' என்ற பெயரும் 12 என்ற எண்ணும்.

ஐபிஎம் செலக்ட்ரிக் பொறியின் பந்து அது. 1961-இல் அந்தப் பொறி வந்தபோது, தனித்தனி எழுத்துக் கம்பிகளுக்குப் பதிலாக இந்த ஒற்றைப் பந்து சுழன்றும் சாய்ந்தும் தாளில் மோதியது. நாலு வரிசை, வரிசைக்கு 22 என்று 88 எழுத்துகள். பந்தின் ஒரு பாதியில் சின்ன எழுத்துகள், மறு பாதியில் பெரிய எழுத்துகள். ஷிஃப்ட் சாவியை அழுத்தினால் பந்து பாதிச் சுற்று திரும்பும். நெம்பைத் தூக்கினால் பந்து கையோடு வந்துவிடும், இன்னொன்றை மாட்டலாம். அலுவலக மேஜையிலேயே நொடியில் எழுத்துருவை மாற்ற முடிந்தது.

"கப்பல் பேரெல்லாம் இட்டாலிக்ல வரணும்னு எங்க மேனேஜர் சொல்வாரு," என்றார் சித்தப்பா. "லைன் நடுவுல நிறுத்தி, பந்த மாத்தி, அந்த ஒரு பேர அடிப்போம். அப்புறம் பழைய பந்து. ஒரு நாளைக்கு நாப்பது தடவையாவது மாத்துவேன்டா." இரண்டு பந்துமே 12 பிட்ச், அதாவது ஒரு அங்குலத்துக்கு 12 எழுத்து. அதனால் நடுவில் எத்தனை தடவை மாற்றினாலும் பத்தி கலையாது. அடுத்த வரியில் இருக்கும் எண் நேர் கீழேயே வந்து நிற்கும். இந்த எழுத்து வகையின் பயன் எல்லாமே இந்த ஒரு குணத்திலிருந்து கிளம்புகிறது. குரல் மாறும், கட்டம் மாறாது. எனக்கும் கையேட்டில் வேண்டியிருந்தது அதுதான்.

அந்த டப்பாவோடு ஒரு காகித உறையும் இருந்தது. பந்தைப் புதிதாக வாங்கியபோது அடித்துப் பார்த்த இரண்டு தாள்கள். எல்லா எழுத்தும், எல்லா எண்ணும், கீழே நாலைந்து கப்பல் பெயர்கள். துணி ரிப்பனில் அடித்திருந்தால் நெசவின் தடம் விழுந்து விளிம்பெல்லாம் பிசிறியிருக்கும். இது கார்பன் ஃபிலிம் ரிப்பன்; ஒவ்வொரு எழுத்தும் கத்தியால் வெட்டின மாதிரி இருந்தது. பந்தையும் தாள்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இந்த எழுத்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, என் கையேட்டுக்கு நானே ஒரு இட்டாலிக் வரைவது என்று அன்றிரவே முடிவு செய்தாயிற்று.

ஸ்கேனரில் அங்குலத்துக்கு 1200 பிக்சல் அடர்த்தியில் தாள்களை எடுத்தேன். இந்த எண்ணைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்குலத்துக்கு 12 எழுத்து என்றால் ஒரு எழுத்தின் கட்டம் சரியாக 100 பிக்சல் அகலம். வரி இடைவெளி அங்குலத்துக்கு ஆறு என்பதால் உயரம் 200 பிக்சல். படத்தின் மேல் 100-க்கு 200 என்று ஒரு கட்டவலையைப் போட்டதும் 50 வருஷத்துக்கு முன்னால் அடித்த ஒவ்வொரு எழுத்தும் தன் அறைக்குள் போய் உட்கார்ந்தது. தாள் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்ததால் முதலில் அரைப் பாகை திருப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எழுத்துருவில் ஒரு எம், அதாவது எழுத்தின் முழு அளவு, 1000 அலகு, ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் 600 அலகு என்று வைத்தேன். கூரியரின் கணக்கும் இதுவே. 12 புள்ளியில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 10 எழுத்து, 10 புள்ளியில் 12 எழுத்து. ஆக ஸ்கேனில் ஒரு பிக்சல் எனக்கு ஆறு அலகு. தாளில் கோட்டின் தடிப்பு எட்டரை பிக்சல் அளவில் இருந்தது. நான் 54 அலகு வைத்தேன். இதில் கஞ்சத்தனம் கூடாது. பந்தில் இருக்கும் கோடு மெல்லியது. தாளில் மோதும்போது மை பரவிக் கொஞ்சம் பருக்கும். திரையில் அந்தப் பருமன் தானாக வராது. விண்டோஸில் வரும் கூரியர் நியூ நோஞ்சானாகத் தெரிவதற்கு, மை பரவும் பங்கைச் சேர்க்காமல் பந்தின் உருவத்தையே எடுத்ததுதான் காரணம் என்று எழுத்துரு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அதனால் நான் அளந்தது பந்தை அல்ல, தாளை.

வரைந்தது ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில். தாளை அப்படியே படி எடுக்கவில்லை. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்த கூரியர் ப்ரைமோடு சேர்ந்து நிற்கிற மாதிரி ஒவ்வொன்றையும் புதிதாகப் போட்டேன். முதலில் நிமிர்ந்த எலும்புக்கூடு, பிறகு 12 பாகை சாய்வு, அதற்குப் பிறகு கையால் திருத்தம்.

சாய்த்த உடனே ஒரு விஷயம் தட்டுப்பட்டது. மென்பொருள் எழுத்தை அடிக்கோட்டை, அதாவது எழுத்துகள் நிற்கும் கோட்டை, பிடித்துக்கொண்டு சாய்க்கிறது. அடி நகராது, தலை மட்டும் வலப்பக்கம் போகும். 12 பாகைக்கு உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சரியாகச் சொன்னால் 0.2126 பங்கு நகர்வு. 450 அலகு உயரமுள்ள சின்ன எழுத்தின் தலை 96 அலகு தள்ளிப் போனது. கட்டத்துக்குள் பார்த்தால் எல்லா எழுத்தும் வலது சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கின்றன, இடப்பக்கம் காலி. நிமிர்ந்த சொல்லுக்குப் பிறகு இட்டாலிக் சொல் வந்தால் நடுவில் ஒரு இடைவெளி கூடுதலாக இருப்பது போலத் தோன்றும். இதற்கு வைத்தியம் எளிது. சின்ன எழுத்தின் பாதி உயரத்தை அச்சாக வைத்துச் சாய்த்த மாதிரி ஆக்க வேண்டும். 225 அலகு உயரத்துக்கு நகர்வு 48. எல்லா எழுத்தையும் 48 அலகு இடப்பக்கம் தள்ளினேன். அகலம் 600 அப்படியே. பக்கத்தின் முகமே மாறிவிட்டது.

இனி மூன்று எழுத்துகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னுடைய மூன்று வாரத்தில் இரண்டு வாரம் இவற்றுக்கே போனது.

முதலாவது 'ஐ'. சாதாரண எழுத்துருவில் 'ஐ' ஒல்லி, அதற்கு ஒதுக்கும் இடமும் குறைவு. தட்டச்சு எழுத்தில் அதற்கும் 'எம்'முக்கும் ஒரே அறை. ஒரு ஒல்லிக் குச்சியை 600 அலகு அறையில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் வெறிச்சென்றிருக்கும். நிமிர்ந்த கூரியர் இதற்கு என்ன செய்கிறது? அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு நீண்ட பலகையைப் போட்டு அறையை நிரப்புகிறது. இட்டாலிக்கில் அந்தப் பலகையை வைத்தால் சாய்ந்த ஸ்டூல் மாதிரி விகாரமாக இருக்கும். பலகையை எடுத்துவிட்டு, மேலே இடப்பக்கத்திலிருந்து ஒரு நீண்ட நுழைவுக் கோடு, கீழே வலப்பக்கம் ஒரு அகலமான வால் என்று போட்டேன். நுழைவுக் கோடு 170 அலகு, வால் 190. வாலின் நுனி மேலே எழும்பும் கோணத்தை ஒன்பது தடவை மாற்றியிருக்கிறேன். அதிகம் எழும்பினால் கொக்கி. எழும்பாவிட்டால் மறுபடியும் பலகை. தாளில் அடித்திருந்த 'ஐ'யைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. வால் வளைந்து ஏறி, சரியாக நுழைவுக் கோட்டின் சரிவுக்கு இணையாக முடிகிறது. அதே சரிவை 'எல்', 'டி', 'யு' எல்லாவற்றுக்கும் கொடுத்தேன். குடும்பச் சாயல் வந்தது அப்போதுதான்.

இட்டாலிக் பிறந்ததே இடத்தைச் சுருக்கி எழுதும் கையெழுத்திலிருந்து. 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் ஒரு புத்தகம் முழுவதையும் இந்த எழுத்தில் அச்சிட்டார்; எழுத்தைச் செதுக்கியவர் ஃப்ரான்செஸ்கோ கிரிஃபோ. குறுகல், வேகம், ஒன்றையொன்று ஒட்டி நடப்பது இவையெல்லாம் அதன் சுபாவம். தட்டச்சுக் கட்டம் அதனிடம் நேர் எதிரானதைக் கேட்கிறது: ஒவ்வொருவரும் சம தூரத்தில் தனியாக நில், அறையை நிரப்பு. அந்த இழுபறியால்தான் இந்த எழுத்து வகைக்கு அந்தத் தனி அழகு. வாலும் நுழைவுக் கோடும் வழக்கத்தை விட நீளமாக இருப்பதால், எழுத்துகள் தொடாமலேயே கை நீட்டிக்கொண்டு போவது போல இருக்கும். சித்தப்பாவின் கப்பல் பெயர்களை முதல் தடவை பார்த்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

இரண்டாவது 'எம்'. இங்கே பிரச்சினை தலைகீழ். மூன்று கால், இரண்டு வளைவு, எல்லாம் 600-க்குள். மற்ற எழுத்துக்குக் கொடுத்த 54 அலகுத் தடிப்பைக் கொடுத்தால் 9 புள்ளியில் அச்சிடும்போது கால்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை அடைத்துப்போய், வரியில் அங்கங்கே கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி தெரிகிறது. கால்களை 44-க்கு மெலியவிட்டேன். நடுக் காலை அடிக்கோடு வரை கொண்டுவராமல் 30 அலகு மேலேயே நிறுத்தினேன். தனியாகப் பெரிதாக்கிப் பார்த்தால் குறை போலத் தெரியும். வரியில் ஓடும்போது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது 'எஃப்'. இட்டாலிக்கில் இதன் கால் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான் எனக்குப் பிடிக்கும். இறக்கினேன். தலையின் கொக்கி சாய்வில் வலப்பக்கம் போய், கட்டத்தைத் தாண்டி 46 அலகு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காகிதத்தில் அதனால் ஒன்றும் இல்லை, அடுத்த எழுத்தின் மேல் லேசாகக் குடை பிடிக்கும். முனையத் திரையில் போட்டதும் கதை வேறு. அங்கே திரையைக் கட்டம் கட்டமாகப் புதுப்பிக்கிறார்கள். அடுத்த கட்டத்தை வரையும்போது முந்தின எழுத்து எட்டிப் பார்த்த பகுதி அழிந்துவிடுகிறது. கர்சர் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்வந்தால் 'எஃப்' தலை வெட்டுப்பட்டு நிற்கும். கொக்கியை இறுக்கமாக வளைத்து, எழுத்தை இன்னும் 20 அலகு இடப்பக்கம் நகர்த்தி, எதுவும் கட்டத்துக்கு வெளியே 10 அலகுக்கு மேல் போகாதபடி செய்தேன். 'டி' எழுத்தின் உச்சிக்கும் இதே சிகிச்சை வேண்டியிருந்தது.

மற்றவை வேகமாக முடிந்தன. பெரிய எழுத்துகளைச் சாய்த்து, சாய்த்ததால் வீங்கிய வளைவுகளைத் திருத்தினால் போதும். பூஜ்யத்துக்குள் குறுக்குக் கோடு போடுவது என் வழக்கம். இட்டாலிக்கில் அந்தக் கோடும் எழுத்தும் ஒரே பக்கம் சாய்வதால் குழம்பிவிடுகிறது. நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். அடைப்புக்குறிகளைச் சாய்த்தேன். அட்டவணைக் கோடு போடும் குறிகளை மட்டும் நிமிர்த்தியே விட்டேன். அவையும் சாய்ந்தால் கீழ்வரியின் கோட்டோடு ஒட்டாமல் அட்டவணை ஏணிப்படி மாதிரி உடைந்து போகும்.

எழுத்துருவாக ஏற்றுமதி செய்து நிறுவினேன். இரண்டு கோளாறுகள் அடுத்தடுத்து வந்தன. இந்த வேலையில் இறங்குகிற எவருக்கும் வரக்கூடியவை என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதல் கோளாறு: முனையத்தின் எழுத்துருப் பட்டியலில் என் எழுத்துரு இல்லவே இல்லை. எழுதும் மென்பொருளில் வருகிறது, முனையத்தில் வரவில்லை. முனையம் ஒரே அகல எழுத்துருக்களை மட்டுமே பட்டியலிடுகிறது. லினக்ஸில் எழுத்துருக்களைக் கையாளும் ஃபான்ட்கான்ஃபிக் ஒரு எழுத்துருவை அப்படிக் கருதுவதற்கு எல்லா எழுத்தின் அகலத்தையும் தானே பார்க்கிறது. ஒவ்வொன்றாகத் தேடியபோது, ஒரு பழைய கோப்பிலிருந்து நான் ஒட்டியிருந்த நீளக் கோடும் முப்புள்ளியும் 1000 அலகில் இருந்தன. 600 ஆக்கினேன், பட்டியலில் வந்தது. விண்டோஸில் பார்க்கிறவர்கள் இதோடு எழுத்துருவின் உள் அட்டவணையில் நிலை அகலக் குறியையும், எழுத்துருவை வகைப்படுத்தும் பனோஸ் எண்ணில் விகிதத்துக்கு 9 என்பதையும் போட வேண்டும்.

இரண்டாவது கோளாறு கொஞ்சம் பயமுறுத்தியது. நிரல் எழுதும் எடிட்டரில் குறிப்புரைகள் இட்டாலிக்கில் வரும்படி வைத்திருக்கிறேன். அங்கே என் எழுத்து குப்புற விழப்போகிற மாதிரி அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்தது. இரண்டு நாள் என் சாய்வுக் கணக்கையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு சரி. எழுத்துருவுக்குள் இது இட்டாலிக் என்று நான் எங்கும் அறிவிக்கவில்லை. எடிட்டர் இதை நிமிர்ந்த எழுத்து என்று நினைத்து, இட்டாலிக் கேட்டதால் தானும் ஒரு முறை சாய்த்திருக்கிறது. சாய்வின் மேல் சாய்வு. அறிவிக்க வேண்டிய இடம் மூன்று: துணைக்குடும்பப் பெயர் இட்டாலிக் என்று இருக்க வேண்டும், நடைக் குறியில் இட்டாலிக் பிட்டை ஏற்ற வேண்டும், சாய்வுக் கோணத்தை எழுத வேண்டும். வலப்பக்கச் சாய்வுக்கு அந்தக் கோணம் எதிர்மறை, அதாவது கழித்தல் 12. நேர்மறையாகப் போட்டால் இடப்பக்கச் சாய்வு என்று பொருளாகிவிடும்.

இப்போது கையேட்டுக்கு வருகிறேன். தமிழ் விளக்கம் 11 புள்ளி, கட்டளைகள் 10 புள்ளி. 160 மில்லிமீட்டர் அகலப் பத்தியில் ஒரு வரிக்கு 75 எழுத்து பிடிக்கிறது, பெரும்பாலான கட்டளைகள் உடையாமல் நிற்கின்றன. அப்படியே அடிக்க வேண்டியது நிமிர்ந்த கூரியர் ப்ரைம், நிரப்ப வேண்டியது என் இட்டாலிக். இரண்டுக்கும் அகலம் 600 என்பதால், ஒரே கட்டளையின் நாலு வடிவங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால் மாறும் பகுதி மட்டும் ஒரு பத்தியாகச் சாய்ந்து நிற்கிறது. பார்த்தவுடனே புரிகிறது.

நிரப்ப வேண்டிய சொற்களைத் தமிழிலேயே கொடுத்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். அதையும் முயன்றேன். தமிழுக்கு இட்டாலிக் என்ற மரபு கிடையாது. மென்பொருள் சாய்க்கத்தான் செய்யும். சாய்த்தால் 'கி', 'லி' போன்றவற்றின் மேல்விலங்கு அடுத்த எழுத்தின் தலையில் இடிக்கிறது, 'கீ'யின் சுழி இன்னும் மோசம். ஒரே அகலம் என்பதும் நடக்காது. 'ர'வுக்கும் 'ணௌ'வுக்கும் ஒரே அறை கொடுத்தால் ஒன்று தொலைந்து போகும், மற்றொன்று நசுங்கும். அதனால் தமிழ் விளக்கத்தில் அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்துதான். சாய்வை ஆங்கில எழுத்துக்கும் கட்டளைக்கும் விட்டுவிட்டேன்.

மூன்று மாதமாக எடிட்டரிலும் இதையே வைத்திருக்கிறேன். நிரலில் குறிப்புரைக்கு இது மிக நன்றாகப் பொருந்துகிறது; நிறத்தைக் குறைத்து மங்கலாக்காமலேயே, இது இயந்திரத்துக்கு எழுதியதில்லை, மனிதருக்கு எழுதியது என்று தெரிந்துவிடுகிறது. கடவுச்சொல், வரிசை எண், கணக்குப் பட்டியல் இவற்றுக்கு நான் போட மாட்டேன். ஒன்று என்ற எண்ணும் சின்ன 'எல்'லும் வால் வைத்துக்கொண்டால் அசதியில் கண் ஏமாறும். நீண்ட பத்திகளுக்கும் வேண்டாம். ஒரு முழுப் பக்கம் அச்சிட்டுப் படித்துப் பார்த்தேன், பாதிப் பக்கத்திலேயே கண் களைத்தது. முழு மொழியையே இந்த எழுத்தில் அடித்தவர்களும் இருந்தார்கள். 1960-களில் ஐபிஎம்மின் ஏபிஎல் நிரல்மொழிக்கென்று செலக்ட்ரிக் வகை முனையங்களுக்கு ஒரு தனிப் பந்து செய்தார்கள். அதில் பெரிய எழுத்துகள் எல்லாமே சாய்ந்தவை, அவற்றோடு நிமிர்ந்த கணிதக் குறிகள். மாறியின் பெயர் சாய்வு, செயல்குறி நிமிர்வு என்று ஒரே பந்தில் பிரித்துவிட்டார்கள். கணிதப் புத்தகங்களில் மாறிகளை இட்டாலிக்கில் போடும் வழக்கத்தோடு இதுவும் பொருந்திப்போகிறது.

ஜூலையில் புதிய கையேட்டோடு அடுத்த அணி வந்தது. முதல் பக்கத்தில் ஒரே வரி விளக்கம்: சாய்ந்திருப்பதை நீங்கள் நிரப்புங்கள். இந்தத் தடவை யாரும் அந்தச் சொல்லை அப்படியே அடிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் கோப்பின் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரை நிரப்பியிருந்தான். எந்த இடத்தில் நிரப்புவது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டினார். கட்டளை என்னவென்று பார்க்கவில்லை, எழுத்தை மட்டும் பார்த்தார். "எல்லாம் சரிதான்டா தம்பி. இந்த 'ஜி' மட்டும் கொஞ்சம் தொங்குது." தாளை வாங்கிப் பார்த்தேன். அடிச்சுழி 15 அலகு அதிகம் இறங்கியிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திருத்திவிட்டு, தடித்த இட்டாலிக்கை ஆரம்பிக்க வேண்டும்.